நான் பாதி நடத்திய பாடம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என் பேச்சைக் கேட்டவர்கள் நீங்கள். இதற்கு ஒரு பத்து நிமிடம் ஒதுக்க மாட்டீர்களா? பாதியில் பெல் அடிக்காது, பயப்படாதீர்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு என் கணவருக்கு ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தது. உங்களில் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். நாங்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். காலையில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலை வரை நடந்துவிட்டு வருகிறார். "எழுது, நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும்" என்று அவரே சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆங்கிலத்தில் 'போன் ஸ்கேன்'. என் நாத்தனார் "நோய் உடம்புல இருக்கு, போனை எதுக்கு ஸ்கேன் பண்றாங்க?" என்று கேட்டார். அந்த நாட்களில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான். எலும்பு ஸ்கேன் என்றே எழுதுகிறேன்.

காலையில் கையில் ஊசி போட்டார்கள். இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும், நிறைய தண்ணீர் குடிக்க வேண்டும், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும் என்றார்கள். உள்ளே செல்லும் கதவில் மஞ்சள் பலகையில் மூன்று இதழ் போட்ட கதிர்வீச்சு எச்சரிக்கைச் சின்னம். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். அப்போது "டீச்சர்" என்று ஒரு குரல்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். பெயர் வேண்டாம். இப்போது சொந்தமாக மளிகைக் கடை வைத்திருக்கிறான். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவன் அம்மா. ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு அவருக்கு மார்பில் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. நன்றாகத்தான் இருந்திருக்கிறார். பிறகு முதுகு வலி. டாக்டர் உடனே எலும்பு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இவன் நான்கு மாதம் கழித்துத்தான் அழைத்து வந்திருக்கிறான்.

"ஏம்பா இவ்வளவு நாள்?" என்று கேட்டேன்.

தயங்கினான். பிறகு சொன்னான்: "பயமா இருந்துச்சு டீச்சர். அணு மருந்து ஊசின்னு சொன்னாங்க. நீங்கதானே எங்களுக்குக் காகிதத்துல கொக்கு செய்யச் சொல்லிக்கொடுத்தீங்க? அந்தப் பொண்ணுக்கு அணுக் கதிராலதானே கேன்சர் வந்துச்சு? அம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு தடவ வந்தது. அதுக்கு மேல இந்த ஊசியும் போடணுமான்னு நெனச்சேன்."

எனக்குப் பேச வாய் வரவில்லை.

என்னிடம் படித்த எல்லோருக்கும் அந்தக் கொக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 6 வந்தால் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஹிரோஷிமாவைப் பற்றிப் பேசுவேன். குண்டு விழுந்தபோது இரண்டு வயதுக் குழந்தையாக இருந்த சடாகோ சசாகியைப் பற்றிச் சொல்வேன். அவள் பத்து வருடம் கழித்து ரத்தப் புற்றுநோயில் விழுந்ததையும், மருத்துவமனைப் படுக்கையில் காகிதக் கொக்குகள் மடித்ததையும், 1955-இல் பன்னிரண்டு வயதில் இறந்ததையும் சொல்வேன். சில பிள்ளைகள் அழுவார்கள். ஆளுக்கொரு கொக்கு மடித்து ஜன்னலில் நூல் கட்டித் தொங்கவிடுவோம். முப்பது வருட வேலையில் நான் பெருமைப்பட்ட வகுப்பு அது. இன்றும் அதில் ஒரு வரியையும் மாற்ற மாட்டேன். அது உண்மை.

ஆனால் அது பாதிப் பாடம். அணு என்றால் குண்டு, கதிர் என்றால் சாவு, இவ்வளவுதான் நான் சொல்லிக்கொடுத்தது. மறு பாதியை நான் நடத்தவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே தெரியாது. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்து ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்தியவள் நான். அணுவைப் படம் வரைந்து பாகம் குறிக்கத் தெரியும். அந்த அணு ஆஸ்பத்திரிக்குள் வந்து என்ன செய்கிறது என்பதை, என் கணவர் கையில் ஊசி ஏறிய பிறகுதான் டாக்டர்களிடம் கேட்டும் புத்தகங்களில் தேடியும் தெரிந்துகொண்டேன். அந்த மறு பாதியை இன்று நடத்திவிடுகிறேன்.

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் இரண்டிலும் இயந்திரத்திலிருந்து கதிர் புறப்பட்டு நம் உடம்பைத் துளைத்துக்கொண்டு போகிறது. உறுப்பு என்ன வடிவத்தில் இருக்கிறது, கட்டி எவ்வளவு பெரியது என்று காட்டுகிறது. அணு மருத்துவத்தில் விஷயம் தலைகீழ். கதிர் விடும் பொருளை மிகச் சிறிய அளவில் ஒரு மருந்தோடு சேர்த்து உடம்புக்குள் அனுப்புகிறார்கள். அந்த மருந்து எங்கே போய்ச் சேர்கிறதோ அங்கிருந்து கதிர் வெளியே வருகிறது. காமா கேமரா என்ற இயந்திரம் அதை வாங்கிப் படமாக்குகிறது. என் கணவர் படுத்திருந்த அந்தப் பெரிய காமா கேமரா தன் பங்குக்கு ஒரு கதிரையும் விடுவதில்லை. அது வெறும் கண்.

இதை இப்படி நினைத்துப் பாருங்கள். நடுராத்திரி இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் நின்று தெருவைப் பார்க்கிறோம். பகல் வெளிச்சத்தில் எடுத்த தெருப் படம் எந்த வீடு எவ்வளவு பெரியது என்று சொல்லும். அதுதான் சி.டி. ஸ்கேன். ராத்திரியில் பார்த்தால் வீட்டின் வடிவம் சரியாகத் தெரியாது. ஆனால் எந்த வீட்டில் விளக்கு எரிகிறது, எங்கே ஆட்கள் விழித்திருக்கிறார்கள் என்று தெரியும். அதுதான் அணு மருத்துவ ஸ்கேன். உறுப்பின் உருவத்தை விட, அங்கே என்ன வேலை நடக்கிறது என்பதையே அது காட்டுகிறது.

எலும்பு ஸ்கேனில் பயன்படுத்தும் மருந்து, எலும்பு புதிதாக உருவாகும் இடங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். புற்றுநோய் எலும்புக்குப் போனால், அந்த இடத்தில் எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளப் போராடும். அதனால் அங்கே மருந்து அதிகமாகச் சேரும், படத்தில் கறுப்பாகத் தெரியும். எக்ஸ்ரேயில் தெரிய வேண்டுமென்றால் எலும்பின் தாதுச் சத்து கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும். பல நேரங்களில் இந்த ஸ்கேன் அதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். தலை முதல் கால் வரை ஒரே தடவையில் பார்த்துவிடலாம்.

சரி, கதிர்? அந்தப் பையன் கேட்ட கேள்வி நியாயமானது. அதை ஒதுக்கிவிட முடியாது. கதிரை முதன்முதலில் ஆராய்ந்தவர்களே அதற்கு விலை கொடுத்தார்கள். மேரி கியூரி 1934-இல் ரத்த உற்பத்தி குன்றிப்போகும் நோயால் இறந்தார். அவர் மகள் ஐரீன் 1956-இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். கதிர் சாதுவானது என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் எதிலும் இரண்டு கேள்விகள் உண்டு. எவ்வளவு? எத்தனை நேரம்? சாம்பாரில் போடும் உப்பும் உப்புதான், கடலில் இருப்பதும் உப்புதான்.

முதலில் எத்தனை நேரம் என்பது. எலும்பு ஸ்கேனில் பயன்படுவது டெக்னீசியம்-99எம். இதன் அரை ஆயுள் 6 மணி நேரம். அதாவது 6 மணி நேரத்துக்கு ஒரு முறை அதன் வீரியம் பாதியாகும். கணக்குப் போடுங்கள் பார்ப்போம். காலை 10 மணிக்கு ஊசி போட்டால், மாலை 4 மணிக்குப் பாதி. இரவு 10 மணிக்குக் கால். விடியற்காலை 4 மணிக்கு அரைக்கால். மறுநாள் காலை 10 மணிக்குப் பதினாறில் ஒரு பங்கு. இதற்கிடையில் குடித்த தண்ணீரோடு பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று நர்ஸம்மா விரட்டியது இதற்குத்தான்.

அடுத்தது எவ்வளவு என்பது. கதிரை மில்லிசீவெர்ட் என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சுவாசிக்கும் காற்றிலிருந்தும் உலகில் ஒரு மனிதருக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் இயற்கையாகவே கிடைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கலந்திருப்பதால் அங்கே இது இன்னும் அதிகம். ஒரு எலும்பு ஸ்கேனில் கிடைப்பது ஏறக்குறைய 4 மில்லிசீவெர்ட். அதாவது இரண்டு வருடத்துக்கும் குறைவான இயற்கைக் கதிர். இது பூஜ்யம் இல்லை. வேடிக்கைக்காக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் முதுகு வலியோடு இருக்கும், ஏற்கெனவே ஒரு முறை புற்றுநோய் வந்த ஒரு தாய்க்கு, ஸ்கேன் எடுக்காமல் இருப்பதில்தான் ஆபத்து அதிகம்.

அந்த அம்மாவுக்கு முதுகெலும்பில் நோய் பரவியிருந்தது. அந்த நான்கு மாதமும் வலிக்கு மாத்திரை, தைலம், போதாததற்குச் சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போய் முதுகை அழுத்தி உருவி விட்டிருக்கிறார்கள். நோயால் பலவீனமான எலும்பின் மேல். ஸ்கேனுக்குப் பிறகு சில நாட்கள் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள். வலி பெருமளவு குறைந்து, பிடித்துக்கொண்டு நடந்தார். எந்தக் கதிருக்குப் பயந்து தள்ளிப்போட்டானோ அதே கதிர்தான் அம்மாவைத் தூங்க வைத்தது என்று அவனே பிறகு என்னிடம் சொன்னான். போன மாசி மாதம் அவர் காலமானார். நான்கு மாதம் முன்னால் வந்திருந்தால் இன்னும் இருந்திருப்பாரா என்று எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நான்கு மாத வலி மிச்சமாகியிருக்கும். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் இல்லை என்று ஆறுதல் சொல்ல வேண்டாம்.

பயத்தால் வந்த கேடு ஒரு பக்கம். அவசரத்தால் வரும் கேடு இன்னொரு பக்கம். அது எங்கள் வீட்டிலேயே நடந்தது.

கணவரின் ஸ்கேன் அறிக்கை சனிக்கிழமை சாயங்காலம் கைப்பேசிக்கு வந்துவிட்டது. டாக்டரைப் பார்க்க வேண்டியது திங்கட்கிழமை. என் அண்ணன் மகன் இன்ஜினியரிங் படித்தவன். "அத்தை, நான் பாத்துச் சொல்றேன்" என்று திறந்தான். வலது விலா எலும்புகளில் இரண்டு இடம், இரண்டு முழங்கால்கள், தோள்பட்டை, எல்லா இடத்திலும் மருந்து அதிகமாகச் சேர்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தது. அதைக் கூகுளில் போட்டான். அவன் முகம் மாறியது. ராத்திரிக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, நோயாளியைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் பாயசத்தோடு வந்தார். கொழுந்தனார் ஐந்து வருடம் முன்பு வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தார். என் கணவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "என்ன, எனக்கு எத்தனை நாள்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

திங்கட்கிழமை டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "சமீபத்துல எங்கேயாவது விழுந்தீங்களா?"

விழுந்திருக்கிறார். மூன்று மாதம் முன்பு மழையில் மாடிப்படியில் சறுக்கி விழுந்து, வலது பக்கம் இடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல" என்று சொல்லி யாரிடமும் காட்டாமல் இருந்திருக்கிறார். அடுத்தடுத்த விலா எலும்புகளில் ஒரே வரிசையில் இருக்கும் புள்ளிகள் பெரும்பாலும் அடிபட்டதால் வருபவை என்று டாக்டர் விளக்கினார். முழங்காலும் தோளும் வயதான மூட்டுத் தேய்மானம். சந்தேகம் தீர விலாவுக்கு மட்டும் ஒரு சி.டி. எடுத்தார்கள். ஆறிக்கொண்டிருக்கும் எலும்பு முறிவுதான். நோய் எலும்புக்குப் போகவில்லை.

நடுராத்திரி விளக்கெரியும் வீட்டை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரிகிறது என்பதற்காக அது திருடன் புகுந்த வீடாகிவிடுமா? மறுநாள் கல்யாணமாக இருக்கலாம். பிள்ளை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கலாம். கைக்குழந்தை அழுதுகொண்டிருக்கலாம். விளக்கு எரிகிறது என்று சொல்வது ஸ்கேன். ஏன் எரிகிறது என்று கதவைத் தட்டிக் கேட்பது டாக்டர்.

பெட் ஸ்கேனுக்கும் இதே கதைதான். இன்று புற்றுநோய்க்கு அதிகம் எழுதப்படுவது அது. கதிர் விடும் ஃப்ளூரின்-18 சேர்த்த ஒருவகைச் சர்க்கரையை ஊசி வழியே செலுத்துகிறார்கள். எஃப்.டி.ஜி. என்பார்கள். பல புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை மற்ற செல்களை விட வேகமாக இழுத்துக்கொள்ளும். இழுத்த இடம் படத்தில் பிரகாசமாகத் தெரியும். ஆனால் சர்க்கரையை இழுப்பது புற்றுநோய் மட்டுமல்ல. மூளை எந்நேரமும் இழுக்கும். மருந்து வெளியேறும் வழி என்பதால் சிறுநீர்ப்பையும் பிரகாசிக்கும். நம் நாட்டுக்கு மிக முக்கியமான ஒன்று: காசநோயும் அப்படியே பிரகாசிக்கும். நெஞ்சில் நெறிக்கட்டிகள் விளக்குப் போல எரிவதைப் பார்த்து, புற்றுநோய் முற்றிவிட்டது என்று குடும்பமே இடிந்து போகும். சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தால் மாத்திரையால் குணமாகும் டிபியாக இருக்கலாம். மறுபக்கம், மெதுவாக வளரும் சில புற்றுநோய்கள் இந்தச் சர்க்கரையை அதிகம் இழுக்காமல் ஏமாற்றவும் செய்யும். அதனால்தான் ஸ்கேனுக்குப் பிறகும் டாக்டர் பயாப்சி கேட்கிறார். காசு பிடுங்க என்று நினைக்காதீர்கள்.

இந்தச் சர்க்கரைச் செய்தியை வைத்து, 'சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடந்து செத்துவிடும்' என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. என் உறவினர்களே மூன்று பேர் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாம் சாப்பிடாவிட்டாலும் ரத்தத்தில் சர்க்கரை குறையாமல் உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும். சிகிச்சையில் இருப்பவரைப் பட்டினி போட்டால் மெலிவது நோயாளிதான், நோய் இல்லை.

புற்றுநோய்க்கு மட்டும்தான் இந்த மருத்துவம் என்றும் நினைக்க வேண்டாம். இதயத் தசைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா, இரண்டு சிறுநீரகத்தில் எது எவ்வளவு வேலை செய்கிறது, தைராய்டு ஏன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது, நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா, எல்லாவற்றுக்கும் தனித்தனி ஸ்கேன் உண்டு. தைராய்டுக்கு அயோடின்-131 கொடுத்துச் சிகிச்சையே செய்கிறார்கள். உணவில் உள்ள அயோடினைத் தைராய்டு எப்படி இழுத்துக்கொள்ளுமோ அப்படியே இதையும் இழுத்துக்கொள்ளும். மருந்து தானாகவே இடம் கண்டுபிடித்துப் போய்ச் சேரும்.

இந்த யோசனை எங்கே தொடங்கியது என்று தேடியபோது ஒரு வேடிக்கையான கதை கிடைத்தது. ஜார்ஜ் ஹெவசி என்ற ஹங்கேரிக்காரர் 1911 வாக்கில் மான்செஸ்டரில் ஒரு விடுதியில் தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தட்டில் மிச்சம் வைத்த கறியையே விடுதிக்கார அம்மா மறுநாளும் சமைத்துப் போடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம். கேட்டால் இல்லவே இல்லை என்று சாதிக்கிறார். ஒரு நாள் மிச்சம் வைத்த உணவில் கொஞ்சம் கதிரியக்கப் பொருளைக் கலந்துவிட்டார். சில நாள் கழித்து வந்த பலகாரத்தின் பக்கத்தில் கருவியை வைத்தால், அது காட்டிக்கொடுத்துவிட்டது! மெஸ்ஸில் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு இந்தக் கதை நன்றாகப் புரியும். ஒரு பொருளுக்கு அடையாளம் வைத்து அனுப்பி, அது எங்கே போகிறது என்று பின்தொடர்வதுதான் அணு மருத்துவத்தின் அடிப்படை. ஹெவசிக்கு 1943-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு இந்த முறைக்காகவே கிடைத்தது.

நம் ஊர்க்காரர்களுக்குப் பிரான்ஸ் என்றால் தனிப் பாசம். கதிரியக்கத்தை 1896-இல் பாரிஸில் கண்டவர் ஹென்றி பெக்கரல். மேரி கியூரியின் மகள் ஐரீனும் மருமகன் ஃபிரெடரிக் ஜோலியோவும் 1934-இல் சாதாரணத் தனிமத்தைக் கதிரியக்கப் பொருளாக மாற்றிக் காட்டினார்கள். ஆஸ்பத்திரிக்கு வேண்டிய கதிரியக்கப் பொருள்களைத் தேவைக்கேற்ப உண்டாக்கலாம் என்ற வழி அதில்தான் திறந்தது. மறு வருடமே நோபல் பரிசு. பிரான்ஸில் இருக்கும் என் தங்கை மகள் போனில் சொன்னாள்: "பெரியம்மா, இங்க இத சேன்த்திகிராஃபின்னு சொல்வாங்க. யாரும் அலறுறதில்ல." பொறி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். கேமராவுக்குள் இருக்கும் படிகத்தில் கதிர் படும்போது கண்ணுக்குத் தெரியாத சின்னப் பொறி தெறிக்கும். அதை எண்ணித்தான் படம் வருகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குக்கூட முதலில் 'நியூக்ளியர்' என்ற சொல்லோடுதான் பெயர் இருந்தது. ஜனங்கள் பயந்ததால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். அதில் கதிரியக்கமே கிடையாது! ஒரு சொல்லின் பயம் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

இந்தியாவில் மும்பை பரேலில் அணுசக்தித் துறையின் கதிர்வீச்சு மருத்துவ மையம் 1963-இல் வந்தது. நாட்டின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் 2002-இல் அங்கேதான் ஓடத் தொடங்கியது. ஃப்ளூரின்-18 தயாரிப்பது அந்த இயந்திரம். அதன் அரை ஆயுள் 110 நிமிடம்தான். மூன்று மணி நேர தூரத்தில் உள்ள ஊரில் தயாரித்துக் கொண்டுவந்தால், வந்து சேரும்போது மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். ஆகவே பெட் ஸ்கேனுக்கு நேரம் கொடுத்தால் அந்த நேரத்தில் போய் நில்லுங்கள். நமக்காக அது காத்திருக்காது. டெக்னீசியத்துக்கு வேறு ஏற்பாடு. 66 மணி நேர அரை ஆயுள் உள்ள மாலிப்டினத்தை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அதிலிருந்து தினமும் டெக்னீசியம் பிரித்து எடுக்கலாம். அந்தப் பெட்டியைப் பசு என்றும், எடுப்பதைப் பால் கறப்பது என்றும் உலகம் முழுக்க அந்தத் துறையில் வேடிக்கையாகச் சொல்வார்களாம்.

நம் புதுச்சேரியில் 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் 1964-இல் கோரிமேட்டில் ஜிப்மர் ஆனது. அங்கே அணு மருத்துவத்துக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. விழுப்புரம், கடலூர் பக்கமிருந்தெல்லாம் ஜனங்கள் வருகிறார்கள். இத்தனை வசதி பக்கத்தில் இருந்தும், 'அணு' என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து வராமல் இருக்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

இனி என் கருத்து. இதை நோயாளி வீட்டாராக மட்டும் சொல்லவில்லை, பாடம் நடத்திப் பழகியவளாகச் சொல்கிறேன்.

ஸ்கேன் எடுக்கும் இடங்கள் எல்லாவற்றிலும், ஊசி போடுவதற்கு முன் ஐந்து நிமிடம், எளிய தமிழில், உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். இது என்ன மருந்து, எவ்வளவு நேரம் உடம்பில் இருக்கும், எதைக் காட்டும், எதைக் காட்டாது. கையெழுத்து வாங்கும் தாளைத் தமிழில் கொடுத்தால் மட்டும் போதாது, பேச வேண்டும். புரியாத இடத்தில்தான் பயம் குடியேறும். அதேபோல, டாக்டர் பேசுவதற்கு முன்பே அறிக்கையைக் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு இரண்டு நாள் காத்திருக்க வைப்பது சரியில்லை. அறிக்கை கேட்பது நோயாளியின் உரிமை, மறுக்கவில்லை. ஆனால் அதோடு 'இதில் உள்ள புள்ளிகள் எல்லாம் புற்றுநோய் என்று பொருளல்ல, உங்கள் டாக்டர் விளக்குவார்' என்று ஒரு வரி தமிழில் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? அந்த ஒரு வரி இருந்திருந்தால் நாங்கள் இரண்டு ராத்திரி தூங்கியிருப்போம்.

பிள்ளைகளே, உங்களுக்குச் சில வார்த்தைகள். எண் போட்டே சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

1. டாக்டர் காரணத்தோடு எழுதிக் கொடுத்தால் தள்ளிப்போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் 'இதனால் என் சிகிச்சையில் என்ன மாறும்?' என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

2. டாக்டர் சொல்லாமல் நீங்களாகப் போகாதீர்கள். உடம்பில் ஒன்றும் இல்லாதவர் 'எதற்கும் முழு உடம்பும் பார்த்துவிடுவோம்' என்று பெட் ஸ்கேன் எடுப்பது வீண். பணமும் போகும், கதிரும் ஏறும், இல்லாத நோய்க்கு அலைச்சலும் சேரும். அந்தச் சர்க்கரை மருந்தால் மட்டும் ஏறக்குறைய 7 மில்லிசீவெர்ட், கூட எடுக்கும் சி.டி.யின் கதிர் தனி.

3. கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும், வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

4. பெட் ஸ்கேனுக்கு முன் சொன்ன நேரம் வெறும் வயிற்றில் இருங்கள். ஒரு வாய் காபிதானே என்று குடிக்காதீர்கள். காபியில் உள்ள சர்க்கரை படத்தையே கெடுத்துவிடும். முதல் நாள் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மாத்திரை, இன்சுலின் பற்றி முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் அசையாமல், பேசாமல் இருக்கச் சொல்வார்கள். வகுப்பில் பேசியவர்கள் அங்கேயாவது சும்மா இருங்கள்.

5. சமீபத்தில் விழுந்தது, அடிபட்டது, பல் பிடுங்கியது, காய்ச்சல், தடுப்பூசி, பழைய டிபி, எல்லாவற்றையும் ஸ்கேனுக்கு முன்பே சொல்லுங்கள். வீட்டு ஆண்கள் கவனிக்கவும். மாடிப்படியில் விழுந்ததை மறைப்பது வீரம் இல்லை.

6. வீட்டுக்கு வந்த பிறகு, அவர்கள் சொன்ன நேரம் வரை கைக்குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சாதீர்கள், கர்ப்பிணிகளிடம் நெருங்கி உட்காராதீர்கள். அதற்காக நோயாளியைத் தனி அறையில் தனித் தட்டோடு ஒதுக்கி வைக்காதீர்கள். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு கொடுமை நடந்தது. தைராய்டுக்கு அயோடின் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மட்டும் கட்டுப்பாடு கூடுதல். அதை ஆஸ்பத்திரியிலேயே எழுதிக் கொடுப்பார்கள்.

7. நோயாளிக்குத் தெரியாமல் குடும்பமே கூடிப் பேசாதீர்கள். உடம்பு அவருடையது. பாயசத்திலேயே அவர் கண்டுபிடித்துவிடுவார்.

அம்மாவின் காரியத்துக்குப் போயிருந்தபோது, அந்தப் பையனின் மகள் ஏழாம் வகுப்பு படிப்பதாகச் சொன்னாள். 'கொக்கு செய்யத் தெரியுமா?' என்று கேட்டேன். அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறாராம். ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அவளுக்குச் சடாகோவின் கதையும் சொன்னேன். அவளுடைய பாட்டிக்குப் போட்ட ஊசி 6 மணி நேரத்துக்கு ஒரு முறை எப்படிப் பாதியாகிக்கொண்டே போனது என்று தாளில் கணக்கும் போட வைத்தேன். இரண்டையும் ஒரே வகுப்பில். சரியாகப் போட்டாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு ஸ்கேன் சீட்டை அலமாரியில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். ஏதாவது புரியவில்லை என்றால் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததை டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன். முன்பும் அப்படித்தானே செய்தேன்?

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
புதுச்சேரி